துடக்கு வீட்டு வேட்பாளர்

தவநாயகி அக்கா கவுன்சில் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் "விசரே உங்களுக்கு?" என்று முதலில் கேட்டவள் நான்தான். அடுத்த கிழமை அவருடைய தேர்தல் ஏஜன்டாகக் கையெழுத்து வைத்தவளும் நான்தான். என் பெயர் குமுதினி. தெற்கு லண்டனில் கார் ஓட்டப் பழக்குகிறேன். விடிந்தால் பொழுதுபட்டால் என் காரை மற்றவர்கள் மதிலில் கொண்டுபோய்ச் சாத்தாமல் பார்த்துக்கொள்வதே என் தொழில். அதனால் கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். வாயும் கொஞ்சம் நீளம். அந்த வாய் தேர்தலுக்கு உதவும் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும்.

அக்கா எங்கள் பகுதி வைத்தியரிடம் தாதியாக இருக்கிறார். அவர் கையால் ஊசி வாங்காத குடும்பம் எங்கள் வார்டில் குறைவு. இங்கே வருமுன் பல வருடம் டென்மார்க்கில் இருந்தவர். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. றோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லாவிட்டாலும் பச்சை வெளிச்சம் வரும்வரை நின்றுதான் கடப்பார். அவரோடு கடைக்குப் போனால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

அப்படிப்பட்டவர் வேலை செய்கிற தெருவில்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. நோர்பரிப் பக்கமிருந்து வருகிற கார்களெல்லாம் பெருந்தெருவில் நெரிசல் என்றால் அந்த வழியால்தான் திரும்பும். அங்கே பிள்ளைகள் றோட்டைக் கடக்க ஒரு கடவை கிடையாது. போன வருடம் ஒரு சின்னப் பெண்பிள்ளையைக் கார் தட்டிக் கால் முறிந்தது. அந்தப் பிள்ளைக்கு முதல் கட்டுப் போட்டுவிட்ட கையோடு அக்கா கவுன்சிலுக்கு எழுதத் தொடங்கினார். சீப்ரா கடவை வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. எங்கள் வார்டுக் கவுன்சிலர் ஒருவர் பதவியை விட்டு விலகி, இடைத்தேர்தல் என்று அறிவித்தபோது அக்கா என்னிடம் சொன்னார்.

"வெளியில நிண்டு எழுதி எழுதிக் களைச்சுப் போனன், குமுதினி. உள்ளுக்க போய் இருந்து கேக்கப் போறன்."

கட்சி கிடையாது, சுயேச்சை. எதிரே பெரிய கட்சி ஒன்றின் ஆளாக நின்றவர் சண்முகராசா. வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கிற தொழில், கோயில் நிர்வாகத்தில் பதவி, நல்ல கோட்டு, இனிப்பான பேச்சு. அவரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மற்ற வேட்பாளர்களுக்கு வோட்டு விழாது என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டி இந்த இரண்டு பேருக்கும்தான்.

அக்காவோடு பிரசாரம் செய்வது லேசான வேலை இல்லை. கிளினிக்கில் ஊசிக்கு வருகிற சனத்திடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "கையை நீட்டிக்கொண்டு இருக்கிற சனத்திட்ட வோட்டுக் கேக்கிறதோ? வெக்கமில்லையோ?" என்று என் வாயை அடைத்தார். சரி, வீடு வீடாகப் போவோம் என்று புறப்பட்டோம். முதல் நாள் ஒரு தமிழ் வீட்டுக்குள் போனோம். வோட்டென்று வாய் திறக்கமுன் றோல்ஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது, பிறகு மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அல்பம் வந்தது. வெளியே வரும்போது தெரு விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர் என்றால் வாசலிலேயே இரண்டு கதை, கதவைச் சாத்தி விடுவார்கள்.

அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். மற்ற எல்லா வீடும் முதலில், தமிழ் வீடுகள் கடைசிப் பத்து நாளில். எங்கட ஆட்கள்தானே, எங்கே ஓடிப் போகப் போகிறார்கள்? ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடித்துக் கேட்கலாம் என்று நினைத்தேன். அக்காவும் சரி என்றார். வார்டின் முக்கால்வாசி வீடுகளை நடந்து முடித்தோம். சண்முகராசாவுக்கு வேர்க்கத் தொடங்கிவிட்டது என்று ஊரெல்லாம் கதை.

தமிழ் வீடுகளுக்குப் புறப்பட இருந்த அன்று காலையில் அக்காவின் கணவருடைய தமையன், லிங்கம் அண்ணை, காலமானார். யோகலிங்கம் என்பது முழுப் பெயர். கலியாணம் செய்யாத மனிதர். அக்கா வீட்டு மேல் அறையில் இருந்தவர். எங்கள் துண்டுப் பிரசுரங்களில் பாதியை மழைக்குள் நடந்து கொடுத்து முடித்தவர் அவர்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். நல்ல மனிதருக்கு நல்ல சாவு என்று சொல்லலாம். அந்த வீட்டுக்கு அது பேரிடி.

கணவரின் இரத்தச் சொந்தம் என்றால் எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்குப் போகக் கூடாது, மற்றவர்களின் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. கடைசிக்கு என்று நான் ஒதுக்கி வைத்த தமிழ் வீடுகள் ஒன்றுக்கும் அக்கா இனிப் போக முடியாது. என்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

லண்டனில் இறந்த உடனே எரிக்க முடியாது. பதிவு, மயானத்தில் நேரம் கிடைப்பது என்று இழுபட்டு, வோட்டுப் போடுகிற நாளுக்கு முதல் நாள்தான் தகனம் என்று ஆனது. அதுவரை ஒவ்வொரு பின்னேரமும் சனம் துக்கம் விசாரிக்க வந்தது. முன் அறையில் லிங்கம் அண்ணையின் படம், பக்கத்தில் விளக்கு, நிலத்தில் வெள்ளைத் துணி. அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அயல் வீட்டுக்காரர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு போனோம்.

இரண்டாம் நாள் வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்தபோதுதான் எனக்குள் மின்னல் அடித்தது. நாங்கள் போக முடியாத வீடெல்லாம் இங்கே வந்துகொண்டிருந்தது! வார்டில் இருக்கிற தமிழ்க் குடும்பம் முழுக்க, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாக. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி எனக்குச் சந்தோசம். காருக்குள் கிடந்த துண்டுப் பிரசுரங்களில் ஒரு கட்டை எடுத்து வந்து சப்பாத்துத் தட்டின் மேல் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சும்மா வைத்தேன்.

அக்கா அழுது வீங்கிய முகத்தோடு தண்ணீர் எடுக்க வந்தவர் அதைக் கண்டார். கட்டோடு தூக்கினார். என்னையும் கையில் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"இது செத்தவீடு, குமுதினி."

"எனக்குத் தெரியாதே? நான் ஆரையும் கேக்கேல்லை. பாக்கிறவை பாக்கட்டும்."

"வாற சனம் அண்ணைக்காக வருது. எனக்காக வரேல்லை."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. முன் அறையில் தேவாரம் படிக்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்தினேன். "அப்ப அந்தப் பிள்ளையளின்ரை கதி? இண்டைக்கு நீங்கள் பெரிய மனுசத்தனம் காட்டுங்கோ, நாளைக்கு இன்னொரு பிள்ளை அந்த றோட்டில விழட்டும்! லிங்கம் அண்ணை இருந்தால் அவரே உந்தக் கட்டைத் தூக்கிக் குடுத்திருப்பார்!"

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. முகத்தில் கண்டேன். குழாயைத் திறந்து, எடுக்க வந்த தண்ணீரைச் செம்பில் பிடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பிள்ளையளுக்காக நான் இன்னொருக்கா நிப்பன். தோத்தாலும் திரும்ப நிப்பன். அண்ணைக்கு இன்னொரு செத்தவீடு இல்லை."

கட்டை வாங்கிக்கொண்டு போய்க் காரின் டிக்கிக்குள் எறிந்தேன். கோபம் ஆறவில்லை. ஆனால் அன்றுதான் முதன்முதலாக, இவர் வென்றால் எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சண்முகராசா வந்தார். பிரசாரத்தில் இருந்து நேரே வந்திருக்கிறார். கோட்டின் நெஞ்சில் கட்சி நிறத்து ரிப்பன் பூ, ஒரு சாசர் அளவில், அப்படியே குத்தியபடி இருந்தது. மறந்துவிட்டார். கைகூப்பிக்கொண்டு அறைக்குள் கால் வைத்ததும் தேவாரம் ஒரு கணம் தடுமாறியது. இருந்த சனமெல்லாம் அந்தப் பூவையே பார்த்தது. அவருக்கு மட்டும் விளங்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். நில், நில், எல்லோரும் வடிவாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அக்கா எழும்பி வந்தார். "வாங்கோ அண்ணை. கோட்டைத் தாங்கோ, உள்ளுக்க வெக்கையா இருக்கு" என்றார். அவர் கழற்றிக் கொடுக்க, பூ உள்ளே போகும்படி மடித்துத் தன் கையில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் வெக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் குளிருக்குச் சால்வை போர்த்தபடி நின்றேன். சண்முகராசா படத்துக்கு முன்னால் பூப் போட்டு, இருந்து, லிங்கம் அண்ணையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கதைத்தார். புறப்படும்போது அக்கா கோட்டை அதே மடிப்போடு கொடுத்தார். வாசலில் அதை விரித்த பிறகுதான் அவர் கண்டிருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது. செத்தவீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை, அவரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

புதன்கிழமை லிங்கம் அண்ணையை எரித்தோம். வியாழக்கிழமை வோட்டு. வோட்டுப் போடுகிற பள்ளிக்கூட மண்டபத்துக்குத் துடக்கு இல்லை என்பதால் அக்கா விடியவே போய் வோட்டுப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார். நான் நாள் முழுக்க மண்டப வாசலில் நின்றேன். தமிழ்ச் சனம் வந்தது, போனது. யாருக்குப் போட்டார்கள் என்று எப்படித் தெரியும்? ஒருவரிடமும் நாங்கள் கேட்கவில்லையே. எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து சொல்லாவிட்டால் கலியாணத்துக்கே வராத ஆட்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் விளையாட்டு மண்டபம் ஒன்றில் எண்ணினார்கள். மேசை மேசையாகக் கட்டுகள் உயர்ந்தன. எங்கள் கட்டும் சண்முகராசாவின் கட்டும் விட்டுக்கொடுக்காமல் ஏறின. கடைசியில் தேர்தல் அதிகாரி அக்காவையும் என்னையும் சண்முகராசாவையும் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, நிதானமான வெள்ளைக்காரப் பெண். சண்முகராசா ஒரு வோட்டு முன்னால் என்றார்.

ஒன்று! திரும்ப எண்ணுங்கள் என்றேன். திரும்ப எண்ணினார்கள். அப்போதும் ஒன்று. ஆனால் இரண்டு சீட்டுகள் இன்னும் தீர்மானிக்கப்படாமல் தனியாக இருந்தன. அதிகாரி அவற்றை மேசையில் வைத்தார். இரண்டிலும் அக்காவின் பெயருக்கு நேரே தெளிவான புள்ளடி, பெருக்கல் அடையாளம் மாதிரி. கீழே வெற்றிடத்தில் தமிழில் எழுத்து.

"வாக்களித்தவர் யாரென்று காட்டுகிற எழுத்து இருந்தால் சீட்டு செல்லாது. வேறு எழுத்தென்றால் செல்லும்" என்று அதிகாரி ஆங்கிலத்தில் விளக்கினார். "மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம், நேரம் பிடிக்கும். இது என்ன என்று உங்களில் யாராவது சொல்ல முடியுமா? இதில் பெயர் இருக்கிறதா?"

நான் குனிந்து வாசித்தேன். ஒன்றில் இப்படி இருந்தது: "அக்கா, மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறோம். அதனால் லிங்கம் அண்ணையின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போய்விட்டது. குறை நினைக்க வேண்டாம். கமலேஸ்வரி." மற்றது அவருடைய கணவரின் கையெழுத்து. ஆத்மா சாந்தியடைக என்று எழுதி, அடியில் பெயர்.

கமலேஸ்வரி என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. அதை என் வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் விசயம் உண்மை. கலியாணம் வைத்திருக்கிற வீட்டார் செத்தவீட்டுக்குப் போக மாட்டார்கள். போகவில்லையே என்ற மனக்குறையை அந்த அப்பாவிச் சனம் வோட்டுச் சீட்டில் எழுதித் தீர்த்திருக்கிறது! அட கடவுளே, தொலைபேசி என்று ஒன்று இல்லையா?

இரண்டும் செல்லுமென்றால் அக்கா ஒரு வோட்டால் வெற்றி. செல்லாதென்றால் ஒரு வோட்டால் தோல்வி. அந்த மண்டபத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர், அக்கா, சண்முகராசா, நான். நானென்றால் யோசிக்கவே தேவையில்லை. பெயரா, எந்தப் பெயர், இது எங்கள் சாமியின் பெயர் என்று சொல்லியிருப்பேன், தலையில் அடித்துச் சத்தியமும் பண்ணியிருப்பேன். ஆனால் எதிரே சண்முகராசா நின்றார். அவர் வாசித்து முடித்ததை நான் கண்டேன். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சண்முகராசா கண்ணைத் துடைத்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "இது ஒரு பிரார்த்தனை. இறந்தவருக்காக. பெயர் ஒன்றும் இல்லை" என்றார்.

அந்த மனிதர் தன் கதிரையைத் தானே எடுத்து நீட்டுகிறார். ஒரு கோட்டை மடித்துக் கொடுத்ததற்கு! இத்தனை நாளும் அவரைத் திட்டியதையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. அதிகாரி பேனையை எடுத்தார்.

"அண்ணை, நன்றி" என்றார் அக்கா தமிழில். பிறகு அதிகாரியிடம் ஆங்கிலத்தில், "அவர் என் குடும்பத்துத் துக்கத்துக்காக அப்படிச் சொல்கிறார். இது அனுதாபச் செய்தி. அடியில் இருப்பது பெயர்தான். இரண்டிலும். என்ன பெயர் என்று நான் சொல்ல மாட்டேன்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "நிச்சயமாகவா?" என்று கேட்டார். அக்கா ஓம் என்று தலையாட்டினார். இரண்டு சீட்டிலும் செல்லாது என்ற முத்திரை விழுந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஸ்டியரிங்கில் அடித்து அழுதேன். "அவரே விட்டுத் தந்தவர்! உங்களுக்கு என்ன வந்தது? ஒரு வார்த்தை பேசாமல் நிண்டிருந்தால் காணும்! குறொசிங் கிடைச்சிருக்கும்!"

"அந்தாள் எனக்காகப் பொய் சொன்னது. அந்தப் பொய்யில ஏறி இருந்துகொண்டு நான் எப்பிடி கவுன்சில்காரரிட்ட உண்மையைக் கேக்கிறது?" என்றார் அக்கா. பிறகு என் கையைப் பிடித்தார். "அழாதை. வசந்தத்தில எல்லா வார்டுக்கும் தேர்தல் வருகுது. தமிழ் வீடுகள் முதல்."

இப்படி ஒரு மனுசியோடு என்ன செய்வது, சொல்லுங்கள். அவ்வளவு கோபத்துக்குள்ளும் அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. கொஞ்சினேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குச் சண்முகராசா வந்தார். கோட்டில் பூ இல்லை. கவுன்சிலில் தான் கேட்ட முதல் கேள்வி அந்தக் கடவையைப் பற்றித்தான் என்று அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். போன கிழமை ஒரு பிள்ளைக்குக் கார் பழக்கிக்கொண்டு அந்தத் தெருவால் போனேன். மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பேர் பள்ளிக்கூட வாசலில் றோட்டுக்குக் குறுக்கே நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். காரை நிற்பாட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

துடக்குக் கழிந்த பிறகு, மகளின் கலியாணப் பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கமலேஸ்வரி வந்தார். நானும் இருந்தேன். படத்துக்கு முன்னால் நின்று அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

"ஒரு வோட்டு! ஒரே ஒரு வோட்டால தோத்துப் போனியளே, அக்கா! ஆர் அந்தப் பாழ்படுவான், போய்ப் போடாமல் வீட்டில கிடந்தவன்? என்ர கையில கிடைச்சால் கிழிச்சுப் போடுவன்!"

என் வாய் தானாகத் திறந்தது. அக்கா என்னைப் பார்த்தார். மேசைக்குக் கீழே என் கால் தானாக அழுத்தியது, கார் பழக்கும்போது என் பக்கத்தில் இருக்கிற பிரேக் அங்கேயும் இருப்பது போல. வாயை மூடிக்கொண்டு ஒரு முழுப் பயித்தம்பணியாரத்தையும் உள்ளே தள்ளினேன்.

"ஆரோ எண்டு விடுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் வந்து போட்டனீங்கள்தானே. எனக்கு அது காணும்" என்றார் அக்கா.

"நாங்கள் எழுதினது உங்களிட்ட வந்து சேர்ந்ததே? சீட்டுகளை எண்ணி முடியத் தேர்தல்ல நிண்ட ஆக்களிட்டக் குடுப்பினம் எண்டு இவர் சொன்னவர்."

"வந்தது. வாசிச்சனான்" என்றார் அக்கா. அவர் லிங்கம் அண்ணையின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணைக்குச் சொன்னனான்."

கமலேஸ்வரியின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி. "அப்ப சரி. வாற முறையும் வடிவா எழுதிப் போடுறம், அக்கா" என்றார்.

"எழுத வேண்டாம், பிள்ளை" என்றார் அக்கா, அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு. "வாற முறை நான் வீட்டுக்கு வருவன். தேத்தண்ணி போட்டு வையுங்கோ, இருந்து கதைப்பம். சீட்டில புள்ளடி மட்டும் போடுங்கோ."